படம் போய்ச் சேரும் நாள்

மேகசின் பட்டறைப் பேட்டையில் மழை பெய்தால் தண்ணீரா ஓடும்? எண்ணெய்தான் ஓடும். எத்தனையோ வருசமாக லாரிகளின் வயிற்றைக் கிழித்துக் கொட்டிய கறுப்பு எண்ணெயை அந்த மண் குடித்து வைத்திருக்கிறது. முதல் மழை விழுந்ததும் அத்தனையையும் கக்கிவிடும். குமாசி நகரத்துக்குள்ளிருந்து சுவாமே பக்கம் வருகிறவன் எவனாக இருந்தாலும் காற்சட்டையை முழங்கால் வரைக்கும் சுருட்டிக்கொண்டுதான் வருவான். லார்ட்டேயும் அப்படித்தான் வந்தார். ஒரு கையில் செருப்பு, இன்னொரு கையில் பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட கடிதம்.

அச்சியா அப்போது உரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வெந்த மரவள்ளிக் கிழங்கை இடித்துச் செய்கிற ஃபூஃபூ புரட்டிக்கொண்டிருந்தாள். கூட வேலை செய்கிற ஃபாத்தி நின்றுகொண்டு இடிப்பாள். உலக்கை மேலே போகிற அந்த நொடியில் அச்சியா கையை விட்டு மாவைத் திருப்பிவிட்டு எடுத்துவிட வேண்டும். ஃபாத்தி வடக்குக்காரி, ஆம்பிளை தூக்கத் திணறுகிற உலக்கையைப் பேசிக்கொண்டே தூக்குவாள்.

"அக்கா, கைய எடு. நசுங்கிறப் போகுது."

"நசுங்கினா நசுங்கட்டும்."

"நசுங்கினா வெந்த கறியோட சேத்து யாருக்காவது வெச்சிருவேன், பாத்துக்க."

சிரிக்க வேண்டிய இடம்தான். அச்சியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. புருசன் போவாடு லேத்து மிஷின் மேலேயே சாய்ந்து செத்துப்போன நாளிலிருந்து அவளுக்கு எதுவும் வரவில்லை. பல் பிடுங்க மருந்து போட்ட ஈறு மாதிரி இருந்தது உடம்பு முழுக்க. தொட்டால் தொட்டது தெரியும், அவ்வளவுதான். சாவுச் சடங்கில் அவள் ஓலமிட்டு அழவில்லை என்று போவாடுவின் ஜனம் இன்னமும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. முணுமுணுக்கட்டும். கறுப்புத் துணியைக் கட்டிக்கொண்டு மறுபடியும் சாப்பாட்டுக் கடையைத் திறந்துவிட்டாள். ஃபிட்டர்களுக்கு மதியம் ஆனால் பசிக்குமே, என்ன செய்ய.

லார்ட்டே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். காப்புரிமை, வியாபாரப் பேர் பதிவு, பத்திரம் என்று அரசாங்க அலுவலகத்துக்குப் போகிற காகிதம் எல்லாம் எழுதிக் கொடுக்கிறவர். ஊர் அக்ரா. ஃபூஃபூவைக் கண்டால் அவருக்குக் கிண்டல்.

"பல்லு எதுக்குடா மனுசனுக்குக் குடுத்திருக்கு? மெல்லாம முழுங்குறீங்களே, அசாந்தி ஜனம்."

"உங்க ஊரு சோளக் களி கென்கே மெல்ல மெல்லப் பல்லே தேஞ்சிருமே, அதுக்கு இது மேல்" என்றாள் ஃபாத்தி.

"சரி, ஊத்து. ஆட்டுக் கறி, சுண்டைக்காய் ரெண்டும் போடு."

பாதி உருண்டை உள்ளே போன பிறகுதான் கடிதத்தை எடுத்தார்.

"அச்சியாம்மா, அக்ராவுலருந்து பதில் வந்திருக்கு. போவாடு செஞ்ச கிழங்கு உரிக்கிற மிஷினுக்குக் காப்புரிமை கேட்டு உன் பேர்ல போட்டோமே, அந்த விண்ணப்பத்துக்கு."

"என்ன சொல்லுதாங்க?"

"படம் எங்கன்னு கேக்காங்க."

அச்சியா கையைக் கழுவினாள்.

"எழுத்துல முதல் படம் பாருங்க, ரெண்டாம் படம் பாருங்க, மூணாம் படம் பாருங்கன்னு பக்கத்துக்குப் பக்கம் இருக்கு. உறைக்குள்ள ஒரு படமும் இல்லைங்கான். நான் என் கையால வெச்சேன், மூணு படம். ஒட்டி போவாடு கையில குடுத்தேன், தபால்ல போடுன்னு. எங்க போச்சு?"

"எடுத்துட்டாரு."

"யாரு?"

"அவருதான்."

லார்ட்டேயின் வாய் மெல்லுவதை நிறுத்திவிட்டது.

அன்றைக்கு நடந்தது அச்சியாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஹர்மட்டான் காற்று புழுதியை வாரிக் கொட்டிக்கொண்டிருந்த மாதம். போவாடு உறையைக் கொண்டுவந்து கொதிக்கிற சூப்புச் சட்டி ஆவியில் காட்டினான். பசை இளகியது. படங்களை உருவினான். உரல் விளிம்பில் ஒட்டியிருந்த ஃபூஃபூவை விரலால் வழித்து உறையைத் திரும்ப ஒட்டினான். 'என்ன மனுசா செய்யுறே' என்று கேட்டதற்கு, 'எழுத்தப் படிச்சு எவனும் மிஷின் செய்ய முடியாது. படத்தக் கண்டான்னா பொழுது சாயுமுன்ன வெல்டு வெச்சிருவான். அவங்களுக்கு வேணும்னா என்னைக் கூப்பிடட்டும். நானே கையில கொண்டுபோய்க் காட்டிட்டு, கையோட திருப்பிக் கொண்டாந்திருவேன்' என்றான். அவளும் அதைப் பெரிய கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்தாள். மேகசினில் அப்படித்தான். ஒருத்தன் தகரத்தில் சாக்பீஸால் கோடு போட்டால் பக்கத்துப் பட்டறைக்காரன் ஒண்ணுக்குப் போகிற மாதிரி நடந்து வந்து பார்த்துவிட்டுப் போவான். கோடு போட்டவனே துணியால் அழித்துவிட்டுத்தான் சாப்பிடவே வருவான்.

லார்ட்டே தலையில் அடித்துக்கொண்டார். கையில் சூப்பு இருந்தது, நெற்றியெல்லாம் ஆனது.

"அட பாவி மனுசா! திருடனுக்குப் பயந்து பூட்டையே கழட்டி ஒளிச்சு வெச்சிருக்கானே!"

"இப்போ என்ன செய்யணும்?"

"ரெண்டு வழி. படத்தக் கொண்டுபோய்க் குடுக்கலாம். ஆனா படம் போய்ச் சேருற நாள்தான் உன் விண்ணப்பத்தோட நாள். முதல்ல போட்ட நாள் போச்சு. யார் நாள் முந்தியோ அவங்களுக்குத்தான் உரிமை."

"இன்னொரு வழி?"

"குடுக்காம விட்டுரலாம். முதல் நாள் உனக்கே இருக்கும். ஆனா எழுத்துல படம் படம்னு வாற இடத்த எல்லாம் இல்லைன்னு வெச்சிருவாங்க. அப்புறம் மிஞ்சுறது என்னன்னு வாசிக்கேன், கேளு. 'கிழங்கு வளைந்தால் கையும் வளையும், மூன்றாம் படத்தில் காண்க.' மூணாம் படத்த அடிச்சிரு. 'கிழங்கு வளைந்தால் கையும் வளையும்.' எப்படி வளையும்? எவனுக்குத் தெரியும்? மந்திரம் மாதிரி இருக்கு."

மரவள்ளிக் கிழங்கு ஒன்று போல் ஒன்று இருக்காது. கோணல், கணு, ஒரு பக்கம் பருமன். மற்றவர்கள் செய்த மிஷின்கள் எல்லாம் தோலோடு பாதிக் கிழங்கையும் சீவித் தள்ளும். போவாடு பழைய மோட்டார் சைக்கிள் ஸ்பிரிங்கை வைத்து ஒரு கை செய்திருந்தான். கிழங்கு எப்படிக் கோணினாலும் அந்தக் கை கூடவே கோணி, தோலை மட்டும் உரித்துப் போடும். அந்த ஸ்பிரிங் எந்த இடத்தில், எந்தச் சாய்வில் உட்காருகிறது என்பதுதான் மூன்றாம் படம். மிஷினின் உயிரே அங்கேதான் இருந்தது.

"அப்போ படத்தக் குடுத்திருவோம். வீட்டுலதான் இருக்கு" என்றாள்.

"இரு, அவசரப்படாத. அடுசெய் எப்போ போட்டான்?"

அங்கேதான் முள் இருந்தது. அடுசெய் போவாடுவின் அக்கா மகன். அந்த ஜனத்தில் சொத்து மகனுக்குப் போகாது, அக்கா தங்கச்சி பெற்ற மருமகனுக்குத்தான். அதைத் தெரிந்துதான் போவாடு விண்ணப்பத்தை அச்சியா பேரில் போடச் சொன்னான். 'பட்டறை அவனுக்குப் போகட்டும். மிஷின் உனக்கும் நம்ம மக பொமாவுக்கும்' என்று. அது குடும்பத்தில் யாருக்கும் தெரியாது.

சாவுச் சடங்கன்றைக்குப் பட்டறைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து மிஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். பெரிய கொல்லனுக்கு மேகசின் செய்கிற மரியாதை அது. சிவப்பும் கறுப்புமாக ஊரே நின்றது. மூட்டைக் கிழங்கைக் கொட்டி மிஷினை ஓட விட்டார்கள். தோல் மட்டும் உரிந்து, வெள்ளை வெளேரென்று கிழங்கு வந்து விழ விழ ஜனம் ஆடிற்று. அந்தச் சூட்டோடு, மாமனுக்கு வாரிசாக உட்கார்ந்த அடுசெய் எல்லார் முன்னாலும் எழுந்து, மாமா மிஷினைக் குடும்பத்துக்காகத் தன் பேரில் பதியப் போகிறேன் என்று சொன்னான். கைதட்டினார்கள். அச்சியா அங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.

"சடங்கு முடிஞ்ச வாரமே போட்டுட்டான்" என்றாள்.

"அப்போ சரிதான். நீ இப்போ படம் குடுத்தா அவனுக்குப் பின்னால போய் நிக்கிறே. அவன் படத்தோட முன்னால நிக்கான். படம் குடுக்கலைன்னா முன்னால நிக்கிறே, ஆனா வெறுங்கையோட நிக்கிறே." லார்ட்டே எலும்பை உறிஞ்சிவிட்டுப் போட்டார். "நான் என்னத்தச் சொல்ல? யோசி. தவணை குடுத்திருக்கான். மழைக்காலம் முடியுறதுக்குள்ள சொல்லணும்."

அவர் போன பிறகு ஃபாத்தி கேட்டாள்: "அக்கா, என்ன செய்யப் போறே?"

"கிழங்கு உரிக்கணும். சாயங்காலத்துக்குக் காணாது."

உரித்தாள். மிஷின் இப்போது அடுசெய் பட்டறையில் இருந்ததால் கத்திதான். அடுத்தடுத்த நாட்களும் உரித்தாள். மழை நின்றால் புழுக்கம், புழுக்கம் நின்றால் மழை. விடுதிப் பள்ளியிலிருந்து பொமா கூப்பிட்டு, அடுத்த பருவத்துக்குப் பணம் கட்டி நான் இங்கே இருப்பேனா இல்லையா, தலைமையாசிரியை கேக்குறாங்க என்று கேட்டாள். இருப்பே என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள் அச்சியா. எதை வைத்துச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. படங்கள் மெத்தைக்கு அடியில் இருந்தன. மாதாகோவில் காலண்டரின் முதுகுப் பக்கத்தில் போவாடு போட்ட படங்கள். அவற்றின் மேலேதான் படுத்துத் தூங்கினாள். எடுத்துப் பார்க்கவில்லை. கவலைப்பட வேண்டும் என்று தெரிந்தது, கவலை வரவில்லை.

அப்படி ஒரு நாள் அடுசெய் ஏணியோடு வந்தான்.

ஆள் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பான். சிரித்தால் தெருக்கோடிக்குக் கேட்கும். கடைத் தகரம் ஒழுகுகிறது என்று யாரோ சொன்னார்களாம். கேட்காமலேயே மேலே ஏறிவிட்டான்.

"அத்தை, இந்த ஓட்டை வழியா யானையே இறங்கும்போல இருக்கே! சூப்புல தண்ணி கூடுதுன்னு ஃபிட்டர் பயலுக சொன்னது சரிதான்."

"சூப்புல தண்ணி நான் ஊத்துறதுதான்யா. மழை ஊத்துறதில்ல."

கீழே நின்ற ஃபாத்தி கெக்கெக்கே என்று சிரித்தாள். அவன் தார் பூசி, ஒரு துண்டுத் தகரத்தை வைத்து ஆணி அடித்துவிட்டு இறங்கினான். அச்சியா வட்டில் நிறைய ஃபூஃபூ வைத்துச் சூப்பு ஊற்றினாள். ஃபாத்தி பாத்திரம் கழுவக் குழாய்க்குப் போனதும் அவன் குரலைத் தணித்தான்.

"அத்தை, உனக்கு மட்டும் ஒண்ணு காட்டுறேன்." சட்டைக்குள் கைவிட்டு எடுத்தான். வியர்வையில் நனைந்து நாலாக மடிந்த கடிதம். "அக்ராவுலருந்து வந்துச்சு. எனக்கு இந்த இங்கிலீசு பாதிதான் ஏறுது. மேகசின்ல எவன்கிட்டயாவது குடுத்தா, சாயங்காலத்துக்குள்ள தெருவே வாசிச்சிரும். நீ லார்ட்டேகிட்டப் பழகுறவ. இந்த மாதிரிக் காகிதம் பாத்திருப்பேல்ல?"

அச்சியா வாங்கினாள். வாசிக்கவே வேண்டாம். அதே தலைப்பு, அதே முத்திரை, அதே நாலு பத்தி. நடுவில் படம் என்கிற அந்த ஒரு வார்த்தை, அதே இடத்தில்.

"படம் வைக்கலையாய்யா நீ?"

அடுசெய் வெட்கப்பட்டுச் சிரித்தான். "வெச்சேன் அத்தை. அப்புறம் தபால்காரன் கையில குடுக்கப் போறப்ப மனசு கேக்கல. உருவிக்கிட்டேன். மாமா கத்துக்குடுத்த புத்திதானே? படத்தக் குடுத்தா மிஷினையே குடுத்த மாதிரின்னு சொல்லிச் சொல்லி வளத்தாரு. தப்பா?"

இவனும் உருவியிருக்கிறான். லார்ட்டே சொன்னது அச்சியாவின் காதில் திரும்பக் கேட்டது: படம் போய்ச் சேருகிற நாள்தான் நாள். அப்படியானால் இவனும் முன்னால் நிற்கவில்லை. இரண்டு பேரும் ஒரே கோட்டில்தான் நிற்கிறார்கள். யார் படத்தை முதலில் கொண்டுபோய் வைக்கிறார்களோ அவர்களுக்கு மிஷின். இவனுக்கு அது தெரியாது. அவளுக்குத் தெரியும்.

உண்மையைச் சொல்லிவிடலாம். பக்கத்தில் பட்டறை, பட்டறைக்குள் மிஷின். திறந்து பார்த்து மறுபடியும் ஒரு படம் வரைய அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? சொன்னால் நாளைக்கே அக்ராவில் நிற்பான். அப்புறம் மிஷின் குடும்பத்துக்கு. குடும்பம் என்றால் அவளும் பொமாவும் இல்லை. அவர்கள் அந்த ஜனத்தின் கணக்கில் போவாடு வீட்டில் இருந்து போனவர்கள், அவ்வளவுதான்.

"ஒண்ணும் பயமில்லய்யா," என்றாள். "உன் காகிதம் வந்து சேந்துட்டுது, வேலை நடக்குது, பொறுத்திருன்னு எழுதியிருக்கான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். எனக்கும் ஒண்ணு வந்துச்சு, கடை லைசென்சுக்கு. எல்லாருக்கும் அனுப்புவாங்க."

"படம்னு ஒரு வார்த்தை இருக்கே அத்தை?"

"படம் இல்லைன்னு குறிச்சு வெச்சிருக்கான். தேவைப்பட்டா கேப்பான். நீயா கொண்டுபோய்க் காட்டிராத."

"நான் காட்டுவேனா? என்னைப் பாத்தா அப்படியா இருக்கு?" அவன் நெஞ்சைத் தட்டிக்கொண்டு சிரித்தான். கடிதத்தை மடித்துப் பத்திரமாகச் சட்டைக்குள் வைத்தான். வட்டிலைத் தூக்கிக் கடைசிச் சொட்டுச் சூப்பையும் குடித்தான்.

பொய் இவ்வளவு லேசாக வரும் என்று அச்சியா எதிர்பார்க்கவில்லை. நாக்குக் குழறவில்லை. உள்ளுக்குள் ஏதாவது குத்துகிறதா என்று நின்று பார்த்தாள். ஒன்றும் குத்தவில்லை. ஈரத் துணியை எடுத்து அவன் சாப்பிட்ட பலகையைத் துடைத்தாள்.

மறுநாள் கடையை ஃபாத்தியிடம் விட்டுவிட்டுக் காலண்டர்களைச் சுருட்டிக்கொண்டு லார்ட்டே அறைக்குப் போனாள். ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் அவர் அறை. அவர் விரித்துப் பார்த்தார். முன்பக்கத்து மாதா சிரிக்கிற முகம் காகிதத்துக்குள்ளிருந்து லேசாகத் தெரிந்தது, ஸ்பிரிங்குக்கு நடுவில்.

"போன தடவை இதையே மடிச்சு வெச்சேன். இப்போ இதுலருந்து வெள்ளைத் தாள்ல கறுப்பு மையால எடுக்கணும். ஆள் இருக்கு, எடுத்திரலாம். ஆனா அடுசெய் முன்னால நிக்கானே அம்மா? இதக் குடுத்து என்ன பிரயோசனம்?"

"அவனும் படம் வைக்கல."

லார்ட்டே கண்ணாடியைக் கழற்றினார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"நேத்து சாப்பிட வந்தான்."

"லெட்டர் வந்துச்சா அவனுக்கு? காட்டினானா?"

"காட்டினான்."

"நீ என்ன சொன்னே?"

"சூப்பு ஊத்தினேன்."

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "படம் சேருற நாளுக்கு முன்னாலயே சடங்குல ஊர் கூட்டி மிஷினை ஓட்டிக் காட்டினது தப்புத்தான், ஆனா அதுக்குச் சட்டத்துல வருசம் திரும்புற வரைக்கும் மன்னிப்பு உண்டு, அதப் பத்திக் கவலை வேண்டாம். அவன் பழைய நாள் அவன்கிட்டயே இருக்கட்டும். மூணாம் படம் இல்லாத நாளை வெச்சுக்கிட்டு அவன் ஒண்ணும் செய்ய முடியாது. நீ சீக்கிரம் போ. தபால் வேண்டாம்."

அக்ராவுக்குப் போகிற பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்தாள். மடியில் தண்ணீர்க் குழாய்த் துண்டு, அதற்குள் படங்கள். பஸ் நிற்கிற இடத்தில் எல்லாரும் இறங்கிச் சோளமும் வறுத்த வாழைக்காயும் தின்றார்கள். அவள் இறங்கவில்லை. அலுவலகத்தில் ஒரு பெண்பிள்ளை தாள்களை வாங்கி, மூன்று என்று எண்ணி, தேதி முத்திரையைக் குத்தினாள்.

"இனிமே இதுதான் உங்க நாள், சம்மதம்தானே? பழைய நாள் கிடையாது."

"சம்மதம்" என்றாள் அச்சியா.

பழைய நாளில் போவாடு உயிரோடு இருந்தான். உறையை ஃபூஃபூவால் ஒட்டிவிட்டு, விரலை நக்கிக்கொண்டு சிரித்தான். அந்த நாள் போய்விட்டது என்று ஒரு பெண்பிள்ளை சொல்லி, அதற்கு இவள் கையெழுத்தும் போட்டாள். வெளியே வந்து தண்ணீர்ப் பாக்கெட் ஒன்றைக் கடித்துக் குடித்தாள். வந்த பஸ்ஸிலேயே திரும்பினாள். வேலை முடிந்தது என்று தெரிந்தது. சந்தோசமாக இருக்கிறதா என்று யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ.

மழைக்காலம் முடிகிற சமயம். மண் இறுகி, எண்ணெய் மறுபடியும் உள்ளே போய்விட்டது. அடுசெய்க்குக் கொடுத்த தவணையும் முடிந்திருந்தது. லார்ட்டே வந்து சாப்பிட்டுவிட்டுப் போகும்போது, 'எல்லாம் உன் பக்கம்தான்' என்று மட்டும் காதோரம் சொல்லிவிட்டுப் போனார். இனி பொமாவின் படிப்பு நிற்காது. அச்சியா அன்றைக்கு மீன் சூப்பு வைத்திருந்தாள்.

அடுசெய் வந்தான். கை நிறையக் கிரீஸ். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு உட்கார்ந்தான்.

"அத்தை, இன்னும் ஒண்ணும் வரல. நீ சொன்ன மாதிரி பொறுமையாத்தான் இருக்கேன்."

"ம்."

"பயலுக எல்லாம் அவசரப்படுதானுக, போய்க் கேளு கேளுன்னு. நான் சொல்லிட்டேன், எங்க அத்தை வாசிச்சுச் சொல்லிருக்கா, பொறுக்கச் சொல்லி எழுதியிருக்குன்னு. வாயை மூடிட்டானுக."

அச்சியா அகப்பையைச் சட்டிக்குள் விட்டாள்.

"ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன்." அவன் தலையைச் சொறிந்தான். "குடும்பத்துல சொன்னா ஒத்துக்க மாட்டாங்க, அதனால இன்னும் சொல்லல. காகிதம் கைக்கு வந்ததும் முதல் மிஷின் உன் கடைக்குத்தான். பெயின்டரக் கூப்பிட்டு உன் பேரைப் பெருசா எழுதச் சொல்லப் போறேன். அச்சியான்னு. பொமா படிப்பையும் நான் பாத்துக்கிடுதேன். மாமா பிள்ளையைத் தெருவுல விட்டுருவேனா?"

அப்போதுதான் அச்சியாவுக்கு நெஞ்சில் வலித்தது. அத்தனை நாள் மரத்துக் கிடந்த இடத்தில், வெறும் கத்தியை வைத்து அழுத்திய மாதிரி வலித்தது. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு புகைதான் என்கிற மாதிரி கண்ணைத் துடைத்தாள். புருசன் செத்ததற்கு வராத அழுகை, இவனுக்காக வந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். சொல்லி என்ன? அவன் தவணை முடிந்துவிட்டது.

"என்ன அத்தை?"

"ஒண்ணுமில்ல. சாப்பிடு."

பெரிய மீன் தலையாகப் பார்த்து எடுத்து அவன் வட்டிலில் வைத்தாள். மேலே சூப்பு ஊற்றினாள். வட்டில் நிறைந்தது. இன்னும் ஊற்றினாள்.

"போதும் அத்தை, வழியுது, போதும்" என்று அவன் சிரித்துக்கொண்டே இரண்டு கையாலும் வட்டிலைப் பிடித்தான்.

அவள் இன்னொரு அகப்பை எடுத்து ஊற்றினாள்.